யானைமலையிலிருந்து அழகர்மலை சுற்றி 50 கிலோமீட்டர் மண்பாதை ஓட்டம்: பயிற்சி, பாதை, நாள் குறித்து ஆலோசனை வேண்டும்

ஒத்தக்கடை ஓட்டக்காரன் | மார்ச் 9, காலை 6.10

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஓடுகிறேன். 21 கிலோமீட்டர் பல முறை, 42 கிலோமீட்டர் ஒரே ஒரு முறை. எல்லாம் தார்ச்சாலையில்தான்.

2024 அக்டோபர் 25 பிற்பகலில் நான் மதுரை செல்லூரில் இருந்தேன். கால்மணி நேரத்தில் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று மொத்தம் 9.8 சென்டிமீட்டர். ஒரு வீட்டு மாடிப்படியில் நின்று, தெருவில் மிதந்து போன பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே ஆண்டு கோடையில் எங்கள் தெருவில் குடங்களோடு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றிருக்கிறோம். ஒரே ஆண்டில் இரண்டையும் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தது ஓட்டம் ஒன்றுதான்.

திட்டம் இது. நரசிங்கம், யானைமலை அடிவாரத்தில் தொடங்கி, நரசிங்கம்பட்டி, அரிட்டாபட்டி, மாங்குளம், கிடாரிப்பட்டி, அழகர்கோவில், அப்பன்திருப்பதி வழியாக மறுபடி நரசிங்கம். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். முடிந்தவரை கண்மாய்க்கரை, வண்டிப்பாதை. நாள்: ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். பருவநிலை மாற்றத்தைப் பற்றி வழியில் உள்ள ஊர்களில் பேச வேண்டும் என்பது நோக்கம்.

12 வாரம் பயிற்சிக்குப் போதுமா? மேடு ஏறிப் பழக எங்கே போகலாம்? தண்ணீரை எப்படிக் கொண்டுபோவது?

நாகமலை நடை | மார்ச் 9, காலை 9.45

தம்பி, நல்ல முயற்சி. 42 ஓடியவருக்கு 12 வாரம் கணக்குப்படி போதும். ஆனால் தார்ச்சாலைக் கால் வேறு, மண்பாதைக் கால் வேறு.

முதலில் வேகத்தை மறந்துவிடுங்கள். மண்பாதையில் நேரக்கணக்கே சரி, கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும். "இன்று மூன்று மணி நேரம்" என்று கிளம்புங்கள். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு துண்டுபட்டால் நடையாக மாறுங்கள். மேட்டில் நடப்பது நெடுந்தூர ஓட்டத்தில் எல்லோரும் செய்வதுதான்.

சனி இரண்டு மணி நேரம், மறுநாள் ஞாயிறு மூன்று மணி நேரம் என்று அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள். களைத்த காலோடு ஓடப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்துவிடுங்கள்.

மேட்டுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை. ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, தாமரைக் குளத்தை ஒட்டிய படிகளில் ஏறி இறங்கலாம். ஏறுவதில் மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது, அதில்தான் நார்கள் நுணுக்கமாகக் கிழிகின்றன. மறுநாள் படி இறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான். வாரம் ஒரு முறை மெதுவாக இறங்கிப் பழகினால் மூன்றாவது வாரத்தில் அந்த வலி பாதியாகும். சிற்பங்கள் உள்ள பாறைகளில் ஓட வேண்டாம். அவை ஆயிரம் ஆண்டு பழமையானவை.

இன்னொன்று, சீமைக்கருவேல முள். கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பகுதியில், இறங்கினால் செருப்பு, காலணி எதையும் பார்க்காது, அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். கரைமேலேயே ஓடுங்கள். இடுக்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

ஜூன் மாதம் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

இரவுப்பணிச் செவிலி | மார்ச் 9, இரவு 11.20

நான் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். ஜூன் 5 வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்தாலும் மதுரையில் ஜூன் மாதப் பகல் 38, 39 டிகிரியைத் தொடுவது வழக்கம். 50 கிலோமீட்டரை நீங்கள் ஏழெட்டு மணி நேரத்துக்குக் குறைந்து முடிக்கப்போவதில்லை. விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினாலும் கடைசி 20 கிலோமீட்டர் வெயிலில்தான்.

ஓடும் உடம்பு வெப்பத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். வியர்வை காய்ந்தால்தான் அது வெளியேறும். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, ஆள் குழறிப் பேசினாலோ, திசை தெரியாமல் தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்கு. அந்த நேரத்தில் ஆளைத் தூக்கிக்கொண்டு வண்டியைத் தேடி ஓடக் கூடாது. முதலில் குளிர்விக்க வேண்டும். உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றி, விசிறி, கிடைத்தால் தொட்டித் தண்ணீரில் கழுத்தளவு உட்கார வைத்து, தலையைப் பிடித்துக்கொண்டே ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். அந்த முதல் அரை மணி நேரம்தான் மூளையையும் சிறுநீரகத்தையும் காக்கிறது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்தப் பட்டியலில் சேர்கிறவர்கள் சாலை போடுகிறவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், நூறுநாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

ஒத்தக்கடை ஓட்டக்காரன் | மார்ச் 10, காலை 5.50

அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. வெப்பத்தைப் பற்றிப் பேசுகிற ஓட்டம் வெப்பத்தில் நடந்தால்தானே அதன் கடுமை மக்களுக்குப் புரியும்? ஈரமும் குளிருமாக இருக்கும் மாதத்தில் ஓடிவிட்டு "பூமி சூடாகிறது" என்று சொன்னால் யார் காதில் ஏறும்? வெப்பத்துக்கு உடம்பைப் பழக்கலாம் என்றும் படித்திருக்கிறேன்.

இரவுப்பணிச் செவிலி | மார்ச் 10, காலை 7.30

பழக்கலாம். 10 முதல் 14 நாள் வெயிலில் அளவாக உழைத்தால் இரத்தத்தின் அளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். அது உங்கள் ஒருவர் உடம்புக்கு. உங்களை நம்பிப் பின்னால் வருகிற 30 பேருக்கு யார் பொறுப்பு?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் ஓட்டத்தில் என் தம்பி ஓடினான். எட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நடத்தியவர்களிடம் மாற்று ஏற்பாடு இல்லை. அவன் ஒரு பெட்டிக்கடை வாசலில் விழுந்தான். கடைக்காரப் பாட்டி குடத்துத் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்திருக்கிறார். அந்தப் பாட்டிதான் அவனைப் பிழைக்க வைத்தார். வெயிலின் கடுமை ஊர்க்காரர்களுக்குத் தெரியும், தம்பி. நாம் விழுந்து காட்ட வேண்டியதில்லை.

மேலூர் ஒருபோகம் | மார்ச் 10, இரவு 8.15

நான் விவசாயி. ஓட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் ஓடப்போகும் பாதையைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தப் பாதையில் இருக்கிற கண்மாய்கள் தனித்தனியானவை அல்ல. மேலே உள்ளது நிறைந்தால் கலுங்கு என்கிற வடிகால் வழியாகக் கீழே உள்ளதற்குத் தண்ணீர் போகும். மலையில் விழுந்த மழை வரத்துக்கால் பிடித்து முதல் கண்மாய்க்கு வரும், அங்கிருந்து அடுத்தது, அதற்கடுத்தது. நடுவில் ஒரே ஒரு வரத்துக்காலை மண்ணடித்து மூடிவிட்டால் கீழே நாலு ஊர் காயும், மேலே ஓர் ஊர் மூழ்கும். மழை குறைந்ததாலும் கண்மாய் காய்கிறது, மழை பெய்தும் காய்கிறது. இந்த இரண்டாவதை எங்களால் சரிசெய்ய முடியும்.

ஜூன் மாதம் வந்தால் நீங்கள் பார்ப்பது வெடித்த தரையும் ஆட்டுப் புழுக்கையும்தான். தை கடைசியில் வாருங்கள். தண்ணீர் எந்தக் கண்மாயில் நிற்கிறது, எதில் நிற்கவில்லை என்று கரையில் ஓடினாலே தெரிந்துவிடும். நிற்காத கண்மாயில் யாரையாவது கேளுங்கள், ஏன் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

அறுப்பு நேரம் என்பதால் வரப்பில் ஓட வேண்டாம். கரையில் ஓடுங்கள்.

கேள்வி கேட்பவள் | மார்ச் 11, பிற்பகல் 1.05

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். யாரையும் புண்படுத்த இல்லை, உண்மையாகவே கேட்கிறேன். 40 பேர் ஓடுவதால் என்ன மாறும்? நான் பார்த்த விழிப்புணர்வு ஓட்டங்கள் எல்லாவற்றிலும் பாலியஸ்டர் பனியன், பிளாஸ்டிக் குவளை, பளபளக்கும் பதக்கம், கடைசியில் சாலையோரம் குப்பை. ஐரோப்பாவில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் 170 கிலோமீட்டர் ஓட்டம் உலகப் புகழ் பெற்றது. அதன் கரிம உமிழ்வில் பெரும்பங்கு ஓட்டக்காரர்கள் அங்கே போய் வருகிற பயணத்தில்தான். மலைமேல் அன்பு கொண்டவர்கள்தான், ஆனால் அந்த அன்பே புகையாகிறது. நாமும் அதைச் சின்ன அளவில் செய்யப்போகிறோமா?

ஏழுமலைக் காவல் | மார்ச் 11, இரவு 9.40

நான் அரிட்டாபட்டிக்காரன். இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 நவம்பரில் எங்கள் ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கை ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள். அழுங்கு இருக்கிறது, தேவாங்கு இருக்கிறது, மலைப்பாம்பு இருக்கிறது. குகையில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து இருக்கிறது. பக்கத்து மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரோடு இருக்கும் கல்வெட்டு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது.

அப்படி அறிவித்து இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தது. அன்று இரவு எங்கள் ஊரில் யாரும் தூங்கவில்லை. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் கூடி ஆயிரக்கணக்கானவர்கள் மதுரை நோக்கிக் கிளம்பினோம். என் அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் வலிக்காரர். ஒத்தக்கடை வரை என்னோடு நடந்தே வந்தார். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கேள்வி கேட்ட தங்கைக்கு என் பதில் இதுதான். கால்நடையாகப் போனதால் மாறியது. ஆனால் நாங்கள் விழிப்புணர்வு ஊட்டப் போகவில்லை. இழக்கப்போவது எது என்று பெயர் சொல்லத் தெரிந்து போனோம். எந்த ஊற்று, எந்தக் கண்மாய், எந்தப் பாறை என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஒத்தக்கடைத் தம்பி, நீங்கள் எங்களிடம் பருவநிலையைப் பற்றிப் பேச வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். ஆனால் முதலில் கேட்க வாருங்கள். ஆனைகொண்டான் கண்மாய் எந்த ஆண்டு நிறைந்து மறுகால் போனது, எந்த ஊற்று எந்த மாதம் வற்றுகிறது, முன்பு எந்த மாதம் வற்றியது என்று எங்கள் பெரியவர்கள் நாள்கணக்காகச் சொல்வார்கள். அதை யாரும் இதுவரை எழுதி வைக்கவில்லை. ஒவ்வோர் ஊரிலும் பத்து நிமிடம் நின்று அதைக் குறித்துக்கொண்டு போனால், இந்த 50 கிலோமீட்டர் பாதை எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் பயன்படும்.

கேள்வி கேட்பவள் | மார்ச் 11, இரவு 10.25

அண்ணே, நன்றி. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுதிக்கொள்ளும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு ஓட வராது, சைக்கிளில் வருகிறேன்.

பள்ளிக்கூடத்து இயற்பியல் | மார்ச் 12, மாலை 5.30

மேலூர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஊர்களில் பேசும்போது உதவும்.

காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். உலகச் சராசரி வெப்பநிலை 2024இல் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி கூடியிருந்தது என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. அதாவது வானத்தின் குடம் பெரிதாகிவிட்டது. பெரிய குடம் நிறைவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கிறது, அதனால் மழைக்கு மழை இடைவெளி நீள்கிறது. கவிழும்போது மொத்தமாகக் கவிழ்கிறது. செல்லூரில் நீங்கள் பார்த்தது போன்ற மழைக்கு இனி நாம் தயாராக வேண்டும். மண்ணுக்கும் கூடுதலாகத் தாகம். அதே வெயிலில் முன்பைவிட வேகமாகக் கண்மாய்த் தண்ணீர் ஆவியாகிறது.

இப்படிக் கொட்டுகிற மழையைப் பிடித்து வைக்க நம்மிடம் இருக்கிற பாத்திரம் கண்மாய்தான். தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. நம் முன்னோர் வெட்டியது ஒழுங்கற்ற மழைக்காகவே. மழை இன்னும் ஒழுங்கற்றுப் போகிற காலத்தில் அவற்றைத் தூர்ந்துபோக விட்டால் அதைவிடப் பெரிய பிழை இல்லை. என் மாணவர்களிடம் இதைச் சொன்னால், மறுநாள் தங்கள் ஊர்க் கண்மாயின் பெயரைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பாதிப் பேருக்கு அதற்கு முன் பெயர் தெரியாது.

வல்லூறு நோக்கர் | மார்ச் 12, இரவு 7.50

நாள் மாறினால் ஒரு வேண்டுகோள். அரிட்டாபட்டிப் பாறை முகடுகளில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிப் பருந்து மூன்றும் இருக்கின்றன. ஆண்டின் முதல் மாதங்கள் அவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். பாறையடிக்குப் போகாமல் பாதையைத் தள்ளி வையுங்கள். பறக்கும் கேமரா வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால் வெயிலில் முட்டை வெந்துவிடும்.

அழகர்மலை காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே ஓடக் கூடாது. காட்டுமாடு இருக்கிறது, கோடையில் காட்டுத்தீயும். அடிவாரத்தோடு நின்றுவிடுங்கள்.

ஒத்தக்கடை ஓட்டக்காரன் | மார்ச் 14, காலை 5.15

நான்கு நாளாக எதுவும் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5 வேண்டாம். பிப்ரவரி 2க்கு மாற்றுகிறேன். அது உலக ஈரநில நாள்; ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் உடன்படிக்கை 1971இல் கையெழுத்தான நாள். மேலூர் அண்ணன் சொன்ன தை கடைசிக்கும் அது பக்கம்தான். பனியன் இல்லை, பதக்கம் இல்லை, குவளை இல்லை. ஆளுக்கொரு சொம்பு அல்லது பாட்டில். எல்லோரும் ஒத்தக்கடைக்கு டவுன் பஸ்ஸில் வர வேண்டும். 30 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நான் வெயிலை முன்னே வைத்திருந்தேன், தண்ணீரை மறந்திருந்தேன். செவிலி அக்காவுக்கும் ஏழுமலை அண்ணனுக்கும் நன்றி.

இப்போது பத்து மாதம் கிடைத்திருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி யாராவது சொல்லுங்கள். ஓடும்போது சாப்பிடக் கடையில் விற்கும் இனிப்புப் பசைப் பொட்டலங்கள் (ஜெல்) வாங்குவதில்லை என்று முடிவு. பொட்டலக் குப்பையும் வேண்டாம்.

திருமங்கலத்து அத்தை | மார்ச் 14, காலை 10.40

எனக்கு 58 வயது, தம்பி. 45 வயதில் ஓட ஆரம்பித்தேன். பசைப் பொட்டலம் இல்லாமலே 60 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன்.

ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். பசி வருவதற்கு முன்பே, அரை மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. சின்ன வாழைப்பழம் ஒன்று 15 முதல் 20 கிராம் வரும். கருப்பட்டித் துண்டு, பேரீச்சம்பழம், உப்புப் போட்டு அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பு திகட்டும், அப்போது இட்லிதான் தெய்வம். கடலை மிட்டாய் கொழுப்பு கூடியது, மெதுவாகச் செரிக்கும். நடக்கும் இடங்களில் சாப்பிடுங்கள். கம்மங்கூழ் முதல் நாள் பகலில் குடிக்கலாம், ஓட்டத்தன்று காலையில் வயிற்றைப் புரட்டும். எதையும் ஓட்டத்தன்று முதல் முறையாகச் சாப்பிடக் கூடாது.

குடிப்பதற்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அரைக்குமேல் உப்புப் போடாதீர்கள். வயிறு ஒத்துக்கொண்டால் எலுமிச்சை பிழியலாம்.

இரவுப்பணிச் செவிலி | மார்ச் 14, பிற்பகல் 2.10

அத்தை சொன்னது முழுக்கச் சரி. தண்ணீர் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. பயந்துபோய் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், வறண்ட உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பிப்ரவரி 2 அன்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பன்திருப்பதியில் நிற்பேன்.

நாகமலை நடை | மார்ச் 14, இரவு 8.00

கோடையில் வாரம் மூன்று நாள், காலை 6.30க்குள் முடித்துவிடுங்கள். உட்கார்ந்து எழுதல், படி இறங்குதல் வீட்டிலேயே செய்யலாம். நீண்ட ஓட்டங்களை ஆடிக் காற்று தொடங்கியதும் வைத்துக்கொள்வோம். இருட்டில் கிளம்பினால் தலைவிளக்கு கட்டாயம். கற்குவியல் ஓரம் சுருட்டை விரியன் கிடக்கும்.

ஒத்தக்கடை ஓட்டக்காரன் | ஆகஸ்ட் 18, மாலை 6.30

நெடுநாள் கழித்து எழுதுகிறேன். நேற்று ஏழு பேர் பாதையின் முதல் பாதியை ஓடிப் பார்த்தோம். 26 கிலோமீட்டர், நான்கு மணி ஐம்பது நிமிடம். அதில் ஓடியது மூன்றரை மணி நேரம்தான். மீதி நேரம் நின்று கேட்டோம்.

அரிட்டாபட்டியில் ஏழுமலை அண்ணனின் அம்மா நீராகாரம் கொடுத்தார். மாங்குளம் தாண்டி ஒரு சிறு கண்மாய். உள்வாய் முழுக்கக் கருவேலம். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் "எதற்கு ஓடுகிறீர்கள்?" என்று கேட்டார். "தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க" என்றேன். அவர் மாட்டைக் கட்டிவிட்டு எங்களை அரை கிலோமீட்டர் அழைத்துப் போனார். மலையிலிருந்து வரும் வரத்துக்கால் ஓரிடத்தில் 20 அடி நீளத்துக்கு மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி மூடியிருக்கிறது. "இது திறந்தால் எங்கள் கண்மாய் பத்து நாள் மழையில் பெருகும்" என்றார். கைத்தடியால் பழைய கால் போகும் வழியை மண்ணில் வரைந்தே காட்டினார். சைக்கிளில் வந்த தங்கை அதைப் படமெடுத்து, நாளோடு எழுதிக்கொண்டார். அது 14ஆவது பதிவு.

இன்று ஊராட்சியில் போய்க் கேட்டோம். கையால் அகற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

ஆகவே வரும் ஞாயிறு நீண்ட ஓட்டம் இல்லை. காலை 5.30க்கு நரசிங்கம் பஸ் நிறுத்தம். என்னிடம் மண்வெட்டி மூன்று இருக்கிறது. கடப்பாரை, தட்டுக்கூடை யாரிடம் இருக்கிறது?

மேலூர் ஒருபோகம் | ஆகஸ்ட் 18, இரவு 7.05

கடப்பாரை இரண்டு, கூடை ஆறு. டிராக்டரில் போட்டுக்கொண்டு வருகிறேன். நாற்றங்கால் வேலை இருப்பதால் 10 மணிக்குத் திரும்ப வேண்டும்.

திருமங்கலத்து அத்தை | ஆகஸ்ட் 18, இரவு 7.20

எத்தனை பேருக்கு இட்லி?